நாற்காலி கிடைத்தவள்

ஜெயநகர், பெங்களூரு
மார்ச் 3

என் வினுதாவுக்கு,

பக்கத்து மேசைக்காரிக்குக் கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. நேரில் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். உன்னைக் குழுத்தலைவி என்று அறிவித்தபோது நான்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினேன். அப்புறம் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். உன் பிழைகளை எத்தனை முறை திருத்திக் கொடுத்திருக்கிறேன்! மேலாளர் பிரமோத் சார் கூப்பிட்டுச் சொல்கிறார்: "நாகவேணி, வேலையில உங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நாலு பேர அரவணைச்சு வேலை வாங்கறது வினுதாவுக்குத்தாம்மா வருது."

வயிறு எரிகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மைசூரு கிளைக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். மறுக்காமல் அனுப்பிவை.

பொறாமையோடும் பிரியத்தோடும்,
நாகவேணி

மல்லேஸ்வரம்
மார்ச் 9

அன்பு வேணி,

மாற்றல் தரமாட்டேன். கோபித்துக்கொள்.

தனி அறைக்குப் போனதிலிருந்து மதியத்தில் யாரும் என் சாப்பாட்டு டப்பாவில் கை வைப்பதில்லை. நேற்று சதானந்தா சொன்ன கதைக்கு நீங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். என்னைக் கண்டதும் பவ்யா, "ஏய், சும்மா இருங்க, மேடம் வராங்க" என்றாள். நான் மேடமாம்! அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்த உன்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை வந்தது தெரியுமா?

இன்னொன்று. செலவைக் குறைக்க இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்கிறார்கள். பெயரை நான் சொல்ல வேண்டுமாம். நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

உன்னுடைய,
வினுதா

ஜெயநகர்
மார்ச் 12

வினுதா,

நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்மேல் பொறாமை என்கிறாய். மாற்றிக்கொள்ளலாமா? பெயர் சொல்லத் துணிவில்லாதவள் தலைவியாக ஏன் ஒப்புக்கொண்டாய்? நானாக இருந்தால் கொடுத்த வேலையைச் செய்வேன்.

நாகவேணி

மல்லேஸ்வரம்
மார்ச் 20

வேணி,

நேற்று ராஜினாமாவைக் கொடுத்துவிட்டேன். "ஆள் குறைச்சே ஆகணும்னா என்னக் குறைச்சுக்குங்க சார். அவங்கள விட்டுடுங்க" என்றேன். பிரமோத் சார் பிடிகொடுக்கவில்லை. "நாகவேணியக் கேட்டுப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

கேட்டால் ஒப்புக்கொள். அந்த இடத்துக்கு உனக்குத் தகுதி உண்டு. கடைசியாகச் சேர்ந்தவர்கள் என்று சதானந்தா, பவ்யா பெயர்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள்; அவர்களை எப்படியாவது காப்பாற்று. உன் பேச்சுக்கு அவர் மதிப்புக் கொடுப்பார்.

என்றும் உன்,
வினுதா

ஜெயநகர்
ஏப்ரல் 6

வினுதா,

நாற்காலி கிடைத்துவிட்டது. அந்த இருவரின் பெயரையும் முதல் நாளே சொல்லிவிட்டேன். உன்னால் முடியாதது என்னால் முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது. சார் கை குலுக்கினார். பவ்யா அழவில்லை. "நீங்க நல்லா இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் விருந்தாமே. பிசிபேளே பாத் செய்தாயாம். யாரோ போட்ட படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேலை போன இருவரும், வேலையை விட்ட உன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் இப்போதும் நீதான் மேலே இருக்கிறாய்.

என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனால் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன்.

வேணி