மலைப்படத்தில் வை

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை, கடை நன்றாக ஓடுகிறது.

அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, நீ கடைசியாக அனுப்பிய பாப்பாவின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் நாற்காலியில் அப்பா இருக்கிறார், முகம்தான் மங்கல். தப்பு உன்னுடையதல்ல. "கேமரா டயல்ல முகம் வரைஞ்சிருக்கும், அந்த முகப்படத்துல வை, பாப்பா மட்டும் பளிச்சுனு தெரிவா" என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தான். கேமரா விற்கிறவன் வீட்டில் அவருக்கு வேறு புதுப்படம் இல்லை.

நேற்று கடைக்கு வந்த ஓர் அம்மா, "பேத்திய எடுக்க எதுல வைக்கணும் தம்பி?" என்றார்.

"டயல்ல மலை வரைஞ்சிருக்கும் பாருங்க, அந்த மலைப்படத்துல வைங்கம்மா. பின்னாடி நிக்கிறவங்களும் தெரிவாங்க."

"கண்ணு ஏன்பா கலங்குது?"

"லென்ஸ் துடைக்கிற மருந்தும்மா" என்று சமாளித்து, ஒரு கேமராப் பையையும் அவர் தலையில் கட்டிவிட்டேன். சிரிக்காதே.

இனி நீயும் மலைப்படத்திலேயே வை. அழகு குறைந்தால் குறையட்டும். பாப்பாவுக்குப் பின்னால் அம்மா உட்காரட்டும். எந்தப் படத்திலும் நீ இல்லை. கேமராவை அலமாரிமேல் வைத்து, டைமர் போட்டுவிட்டு, ஓடிவந்து நில்.

ஆள் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். அப்பாவின் நாற்காலியை மட்டும் நகர்த்தாதே.

உன் வீட்டுக்காரன்