சீனத்து வேரும் மாப்பிள்ளையின் சர்க்கரையும்

23.1.1983, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில் ஜெகபர் அலி பாய் வீட்டுக்குக் கூப்பிட்டார். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் இருபது வருடமாக எனக்குப் பக்கத்துக் கடை. அவர் மருமகன் சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறார், ஆளுக்கு ஒரு சாமான். எனக்குச் சிவப்பு அட்டைப்பெட்டி. உள்ளே ஜின்செங் என்று ஒரு வேர் – இரண்டு கை, இரண்டு காலோடு குட்டி மனுஷன் மாதிரி. அசதிக்கு நல்லதாம். கொஞ்சமாகச் சீவி வெந்நீரில் போட்டுக் குடிக்க வேண்டுமாம். பெட்டி முழுக்கச் சீன எழுத்து. நான் எட்டாவதுதான், ஆனாலும் எழுத்தின் சாடையைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

25.1.83

மண்டியில் பெட்டியைக் காட்டினேன். எடைபோடும் ரத்தினவேல், "என்னண்ணே எழுதியிருக்கு?" என்றான்.

"ராஜாக்கள் மட்டும் சாப்பிடுறதுன்னு போட்டிருக்கு."

"அப்புறம் உங்களுக்கு எப்படிண்ணே குடுத்தாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இன்று கட்டைவிரல் அளவு நறுக்கித் தின்றேன். சாயங்காலம் மலைக்கோட்டைப் படி அத்தனையும் ஒரே மூச்சில். உச்சியில் நின்று பார்த்தேன்: காவிரி, ஸ்ரீரங்கத்துக் கோபுரம். மூச்சு வாங்கவே இல்லை.

6.2.83, ஞாயிறு

திருவெறும்பூருக்குத் தங்கை அக்னஸ் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை சவரிநாதன் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை ஓடுகிறது. பகலெல்லாம் அசதியாம். ஏப்ரலில் மெடிக்கல். அதில் தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். "அவ்வளவு உயரத்துல தூங்கிருவேனோன்னு பயமா இருக்கு மச்சான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "தினம் கட்டைவிரல் அளவு திங்கிறேன் மாப்பிள்ளை. என்னைப் பாருங்க, பத்து வயசு குறைஞ்சிருக்கு."

"முழுசா இருக்கே?" என்றாள் அக்னஸ்.

"இது ரெண்டாவது வேரு."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"வேருதானே, இஞ்சி மாதிரி. இதுக்குப் போயி டாக்டரா?"

21.2.83

மாப்பிள்ளை மண்டிக்கே வந்து சொன்னார், அசதி விட்டதாம். ரத்தினவேல் எடைக்கல்லை எண்ணப் போய்விட்டான்.

11.3.83, வெள்ளி

தவக்கால வெள்ளி. மாப்பிள்ளை சாயங்காலம் வரை ஒருசந்தி நோன்பு. காலையில் மாத்திரையும் போட்டு, வேரையும் தின்றுவிட்டு, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போயிருக்கிறார். பதினொரு மணிக்குக் கிரேன் ஏணியில் நாலாவது படி. உடம்பெல்லாம் வியர்த்து, நாக்குக் குழறி, விழுந்துவிட்டார். குடித்திருக்கிறார் என்று நினைத்தார்களாம். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார். நாலாவது படி. இருபதாவது படியாக இருந்திருந்தால்?

12.3.83

ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை வழக்கமாகக் காட்டும் சம்பத் டாக்டரிடம் போனோம். வேரைப் பற்றிச் சொன்னதும் அக்னஸ் என்னைக் காட்டி, "எங்கண்ணன் தினம் திங்கிறாங்க டாக்டர், அவங்களுக்கு ஒண்ணும் ஆகல" என்றாள்.

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எத்தனை நாளா? தினம் எவ்வளவு? சரியாச் சொல்லுங்கோ, அதை வச்சுண்டுதான் யோசிக்கணும்."

நான் சொல்வதை ஒரு டாக்டர் எழுதப் போகிறார். என் ஆயுசில் இது முதல் தடவை. சொல்லியிருப்பேன், வாய்வரை வந்தது. மாப்பிள்ளை நெற்றியில் பிளாஸ்திரி. அதைப் பார்த்தேன்.

"நான் திங்கல."

"ஒரு நாள் கூடவா?"

"நக்கிப் பார்த்தேன். கசந்துச்சு."

டாக்டர் பேனாவை மூடவில்லை, அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அசதிக்குன்னு அந்தப் பக்கம் ரொம்ப காலமா சாப்பிடறா. விஷம்னு சொல்ல மாட்டேன். ஆனா சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும்கறா. மாத்திரையும் இறக்கறது, பட்டினியும் இறக்கறது. மூணுல எது தள்ளிவிட்டதுன்னு என்னாலயே சொல்ல முடியலை. சிலருக்குத் தூக்கம் போகும், ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை சாப்பிடறவா கேக்காம இதைத் தொடப்படாது."

வெளியே வந்ததும் அக்னஸ் சொன்னாள்: "நீங்க திங்கிறீங்கன்னுதானேண்ணே அவரு தின்னாரு."

மாப்பிள்ளை பஸ்ஸைப் பார்த்து நடந்தார். திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

இந்த நோட்டிலும் தின்றேன் என்றே எழுதி வைத்திருக்கிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள், இங்கே எதற்குப் பொய்? மலைக்கோட்டையும் ஏறவில்லை. அடிவாரத்தில் ஒரு சோடா குடித்துவிட்டு வந்தேன்.

14.3.83

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இத்தனை சீவல்தான், இதற்கு மேல் கூடாது என்று சீனாவில் எவனோ ஒருவன் நிஜமாகத் தின்று பார்த்துத்தானே சொல்லியிருப்பான்? விழுந்தவன் விழுந்தேன் என்று சொல்லியிருப்பான். அந்த வரிசையில் என்னைப் போல ஒருத்தன் இருந்தால் அவன் பின்னால் எத்தனை பேர் விழுவார்கள்? வேருக்கு வாய் இல்லை. நான்தான் அதற்காகப் பேசினேன்.

20.3.83

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கொஞ்சமாச் சீவின்னுதானே சொன்னேன்? கட்டைவிரல் அளவு எங்கேருந்து வந்துச்சு?" என்றார்.

"என் கையிலேருந்துதான் பாய்."

சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் நிலைக்கவில்லை.

3.4.83, உயிர்ப்புப் பெருவிழா

அக்னஸ் வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. நானும் போகவில்லை.

12.4.83

மதியம் மண்டிக்கு அக்னஸே வந்தாள். மெடிக்கல் முடிந்துவிட்டது. கிரேனில் ஏற இன்னும் விடவில்லை. மூன்று மாதம் கீழே ஸ்டோரில் வேலை, அதற்குப் பிறகு மறுபடி பார்ப்பார்களாம். மாத்திரையைக் குறைத்திருக்கிறார் டாக்டர். ஒருசந்தி வேண்டாம் என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. "பாருங்கண்ணே" என்று நீட்டினாள். 'அண்ணே' என்று கூப்பிட்டு ஒரு மாதம் ஆகிறது.

அவள் போன பிறகு ரத்தினவேல், "மாப்பிள்ளைக்குச் சர்க்கரை எவ்வளவுண்ணே?" என்று கேட்டான். அவள் விட்டுப்போன சீட்டை அவனிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

காலையில் வெறும் வயிற்றில் எடுத்தது. நூற்று இருபது என்று எழுதத்தான் கை போகிறது.

நூற்று நாற்பத்தெட்டு.