விளக்குத் திரிப் பஞ்சு

மச்சான்,

இன்று உத்தமபாளையத்தில் சைக்கிளுக்குச் செயின் மாட்டும்போது கையெல்லாம் கறை. கடைக்காரர் துடைக்க ஒரு பிடி பஞ்சு நீட்டினார். வேண்டாமென்று வேட்டியிலேயே துடைத்தேன். அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட டிராக்டரைக் கூடலூருக்குக் கொண்டுவந்தீர்கள். முன்னால் மண் அள்ளும் பெரிய வாளி. எண்ணெயின் அழுத்தத்தில் அது மேலே எழும்பும். "பத்தாள் வேல பாக்கும் மாப்ள, சோறுதான் கேக்காது" என்று மிதப்பாகச் சொன்னீர்கள். அக்காவுக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது.

அந்த வருஷம் வாய்க்கால் தலைப்பில் மணல் மேடிட்டுக் கிடந்தது. இரண்டு நாளில் தண்ணீர் திறப்பார்கள். அதற்குள் மணலை அள்ளாவிட்டால் நம் நாற்று காய்ந்துவிடும். முதலில் வாளியைத் தூக்கும் எண்ணெய்த் தொட்டியில் பழைய எண்ணெயை மாற்றினோம். "தொட்டியில ஒரு தூசி இருக்கப்படாது, நல்லாத் தொடச்சு விடுலே" என்றீர்கள். சுத்தமான துணி அகப்படவில்லை. அக்காவிடம் கேட்டேன். விளக்குத் திரிக்கென்று கொட்டை நீக்கி வைத்திருந்த, நம் காட்டில் விளைந்த பஞ்சை அள்ளிக் கொடுத்தாள். மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். பளிச்சென்று இருப்பதாக நீங்களே சொன்னீர்கள்.

மறுநாள் மதியத்துக்குள் டிராக்டரின் எண்ணெய்ப் பம்பு கீச்சிட்டது. வாளி பாதி உயரத்தில் நின்றுபோனது. எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். இல்லை. எங்கும் ஒழுகவும் இல்லை. "கொழாயிலதான் என்னமோ அடச்சிருக்கு" என்று, எஞ்சினை நிறுத்தக்கூட விடாமல், ஸ்பேனரோடு வாளிக்கு அடியில் நுழைந்தீர்கள். கட்டையை முட்டுக்கொடுக்கட்டுமா என்றேன். "ரெண்டு நிமிச வேலைக்கு எதுக்குலே கட்ட" என்றீர்கள். மரையைத் தளர்த்தியதும் எண்ணெய் பீய்ச்சியடித்தது. வாளி உங்கள்மேல் இறங்கிவிட்டது.

ஏறி உட்கார்ந்து லீவரை இழுத்தேன். திறந்துகிடந்த குழாயில் எண்ணெய் கொட்டியதே தவிர வாளி அசையவில்லை. தூக்காது என்று தெரிந்தும் இழுத்துக்கொண்டே இருந்தேன் மச்சான். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வயல்காரர்கள் கடப்பாரைகளோடு வந்து நெம்பித் தூக்கியபோது உங்களுக்குப் பேச்சுமூச்சு இல்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மதுரையிலிருந்து மெக்கானிக் வந்தார். குழாயில் ஒன்றுமே இல்லை என்றார். தொட்டிக்குள் கைவிட்டு, பம்புக்கு எண்ணெய் போகிற சல்லடையைக் கழற்றினார். அதன்மேல் பஞ்சு கனமாக அப்பியிருந்தது. "பஞ்சு வச்சுத் தொடச்சது யாரு?" என்று கேட்டார்.

அக்கா இன்னும் அதே காட்டுப் பஞ்சில்தான் உங்கள் படத்துக்குத் திரி திரிக்கிறாள். எப்போதாவது, "மெக்கானிக்கு அன்னைக்கு என்ன கோளாறுன்னு சொன்னாக?" என்று கேட்பாள்.

"கொழாயிலதான்னு சொன்னாகக்கா" என்பேன்.

உண்மையைச் சொன்னால் என் பாரம் இறங்கும். ஆனால் அவள் அப்புறம் எந்தக் கையால் விளக்கேற்றுவாள்? பஞ்சு தீர்ந்ததும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். பரணில் ஏறி நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.