நாலு சிலிண்டர், ஒரே குழாய்

31-8-1986, ஞாயிறு

திருப்பரங்குன்றத்தில் கொழுந்தன் மகள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் சிலிண்டர் காலி.

சமையலுக்கென்று சொந்தத்தில் நாலு வீட்டுச் சிலிண்டர்களை வாங்கிப் போயிருந்தார்கள். பந்தி நடுவில் அடுப்பு அணையக்கூடாதென்று சமையல்காரர் நாலையும் ஒரே குழாயில் இணைத்துவிட்டார். மற்ற மூன்றிலும் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. தூக்கிவந்த விதத்திலேயே தெரிந்தது. என்னுடையது நாற்பது நாள் காத்திருந்து வியாழக்கிழமை வந்தது, சீல்கூட உடைக்காதது. என்னைக் கேட்காமலே என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பிவிட்டார்.

நேற்று இரண்டு பேர் மூச்சு வாங்கத் தூக்கிப்போனதை, இன்று சாயங்காலம் கொழுந்தன் ஒற்றைக் கையில் கொண்டுவந்து வைத்தார்.

"முழுசாத்தானே குடுத்தோம்?" என்றேன்.

"எல்லாம் ஒண்ணாச் சேந்துதான மதினி எரிஞ்சுச்சு. யாரோடது எம்புட்டு எரிஞ்சுச்சுன்னு எப்படிச் சொல்றது?" என்று சிரித்தார். வெற்றிலை பாக்குப் பையைக் கையில் கொடுத்தார். நாலு வீட்டுக்கும் அதே பைதான்.

அவர் போனதும் வீட்டுக்காரர், "நம்ம வீட்டுக் கல்யாணம். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க" என்றார்.

பரணிலிருந்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வை நான்தான் இறக்கினேன். துடைத்து வைத்தேன். அடுத்த சிலிண்டர் வர இன்னும் எத்தனை நாளோ.

படுக்கும்போது சொன்னார்: "காலைல ஆறு மணி பஸ்ஸுக்குப் போகணும். காபியச் சீக்கிரம் போட்டுரு."

சரி என்றேன். வீட்டில் சொட்டு மண்ணெண்ணெய் இல்லை என்பதைச் சொல்லவில்லை.