ஒற்றை உலக்கைச் சத்தம்

நேற்றுக் காலை பக்கத்து வீட்டில் மா இடிக்கும் சத்தம் கேட்டது. ஒரே ஓர் உலக்கை. தொம் என்று விழும். பிறகு ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. மறுபடி தொம்.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் இன்னோர் உலக்கை விழ வேண்டும் என்று என் காது காத்திருந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியை வைத்தேன், எடுத்தேன், குசினிக்குள் அடுப்படிவரை போனேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். இரண்டு தரம் ஊசி விரலில் ஏறியது.

அந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்து இரண்டு கிழமை. புருஷன் விடியவே மோட்டார் சைக்கிளில் போய்விடுவார். அவர் பெண்சாதிக்கு, என்னைவிட மூத்த அந்த ராத்தாவுக்கு, இந்தத் தெருவில் ஒருவரையும் தெரியாது.

"கூப்பிட்டா நாம போக மாட்டமா? வாயத் தொறந்து கூப்பிடத் தெரியணும்," என்றார் உம்மா, வெங்காயம் உரித்தபடி.

என்னோடு சேர்ந்து இடித்த உனக்கு எங்கள் தெரு வழக்கம் தெரியும். மா இடிக்கிற வீட்டுக்காரிதான் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் உலக்கையோடு போய் நின்றால், 'உங்கட வீட்டில ஆளில்ல' என்று சொல்லிக்காட்டியதாகிவிடும். கூப்பிடுகிறவளும் உதவி என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டாள். உன் உம்மா என் உம்மாவிடம், "புள்ளைய ஒருக்கா அனுப்புங்களன், கூடமாட நிக்கட்டும்," என்பார். நிற்கப் போன நான் தோள் கழன்று வருவேன். நீ மெயின் ரோட்டைக் கடந்து வந்து எங்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கத்துவாய்: "புள்ள, ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போ கா!" எட்டிப் பார்ப்பதென்றால் மூன்று கொத்து அரிசி இடித்து முடிப்பது.

மில்லில் கொடுத்தால் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்தவளின் காரமும் மாவோடு வரும் என்று நம் இரண்டு உம்மாமாருக்கும் ஒரே பிடிவாதம். அதனால் ஓர் உரல், இரண்டு உலக்கை. ஒரு முறை உங்கள் வீட்டில், அடுத்த முறை எங்கள் வீட்டில். நான் முதல் நாளே உன் கட்டைவிரலை நசித்தேன். நகம் கறுத்துப் போனது. உன் உம்மாவிடம் கதவில் நசிந்தது என்றாய். என்னிடம், "உரலுக்குள்ள என்னத்தத் தேடுறாய், மாப்பிள்ளையையா? நான் விடுற எடத்தில நீ போடு. அவ்வளவுதான்," என்றாய். அதற்குப் பிறகு நான் உரலைப் பார்த்ததில்லை. நீ விட்ட இடத்தில் போட்டேன்.

உன் உலக்கை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. கடைசியாக உங்கள் வீட்டில் இடித்து முடிந்ததும், அடுத்தது எங்கள் முறை என்று அன்றைக்கே அதை என் தோளில் ஏற்றி அனுப்பினாய். "நான் வெறுங்கையோட வருவன். நீ ஒரு சத்தம் போடு, போதும்."

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அரிசி ஊறி, சுளகில் வடிந்து கிடந்தது. "போய் அவளக் கூப்பிடு," என்று உம்மா அனுப்பினார். மெயின் ரோட்டைக் கடந்து கடற்கரைப் பக்கம், உங்கள் வேலிவரை வந்தேன். முற்றத்தில் உன் கூடப்பிறந்த காக்காவும் அவருடைய கூட்டாளிமாரும் தேத்தண்ணி குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிடுகு இடுக்கால் பார்த்தேன். நீ கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாய். முதுகுதான் தெரிந்தது. உன் பெயரைச் சொன்னால் அத்தனை ஆம்பிளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள். வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பிப் போய், "அவளுக்கு வேலையாம்," என்று உம்மாவிடம் பொய் சொன்னேன்.

உம்மா உன் உலக்கையை எடுத்தார். நானும் அவருமாகப் பாதி இடித்திருப்போம். தெருவில் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் மெயின் ரோட்டைத் தாண்டி வந்து எங்கள் வாசல் படியில் நின்றது. உங்கள் வீட்டில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் நீ எங்கள் உரலடியில் நின்றிருப்பாய்.

பள்ளிக்கூடத்தில் அகதிகள் தங்கினார்கள். அவர்கள் போன பிறகு வகுப்புத் தொடங்கியபோது நான் போகவில்லை. நீயும் நானும் சேர்ந்து இருந்த வாங்கில் என் பக்கத்தில் இன்னொருத்தியை இருத்துவார்கள் என்று பயம். அகதிகள் இருந்த நாட்களில் உம்மாவோடு அங்கே சோறு கொடுக்கப் போவேன். வெளியிலிருந்து வந்தவர்கள் கூட்டம் வைத்து ஒத்துழைப்பு, பங்களிப்பு, கூட்டு முயற்சி என்று சொல்லுவார்கள். கிணறு இறைக்கச் சிரமதானம் என்று அறிவித்தபோது எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, "சிரமதானமெண்டா எங்களுக்கு மம்பட்டி, அவங்களுக்குப் போட்டோ," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாள் வாளியோடு முதலில் இறங்கியது அவள்தான். "என்னகா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க, ஒரு கை போடுங்களன்," என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கூப்பிட்டாள். பின்னேரத்துக்குள் கிணறு தெளிந்தது. நான் தூரத்தில் நின்றேன். என் முகத்தையும் அவள் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

இந்த வருசம் சண்டை முடிந்துவிட்டது என்று மெயின் ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். ஒலிபெருக்கி பூட்டிய வான் ஒன்று, எல்லோரும் ஒன்றிணைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனது. யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

நேற்று அந்த ஒற்றை உலக்கை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. வரவர இடைவெளி நீண்டது. அந்த ராத்தாவுக்குக் கை ஓய்கிறது என்று தெரிந்தது. உம்மாவும் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"அண்டைக்கு அந்தப் புள்ளைக்கு வேலை இல்லாம இருந்திருந்தா," என்றார், வெங்காயத்தைப் பார்த்தபடியே. "அல்லாஹ்ட நாட்டம்."

நாலு வருசமாக இதைச் சொல்கிறார். நாலு வருசமாக நான் எழுந்து போய்விடுவேன். நேற்றும் எழுந்தேன். கதவுவரை போய்த் திரும்பினேன்.

"அவளுக்கு வேலை இருக்கல்ல உம்மா. நான் கூப்பிடவே இல்ல. வேலியடியில நிண்டிட்டு வந்திட்டன்."

உம்மா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

குசினி மூலையில் சாத்தியிருந்த உன் உலக்கையை எடுத்தேன். அதன் பூண் துருப்பிடித்திருந்தது. முந்தானையால் துடைத்தேன். தோளில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படலையைத் திறந்தேன். அந்த ராத்தா உலக்கையைப் பிடித்தபடி, வியர்வையோடு நிமிர்ந்து பார்த்தார்.

ஸலாம் சொன்னேன்.

"ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தன், ராத்தா," என்றேன்.