இருபதாம் நாளில் முடிந்த புத்தகம்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு நாள், கம்பளிக்குள் இருந்து மூக்கை மட்டும் நீட்டி நீ என்னைக் கேட்டாய்: "வெயில் காலத்துல எல்லாம் சின்னச் சின்னக் கதையா குடுக்குற. குளிர் வந்தா மட்டும் ஏன்க்கா தலகாணி மாதிரி புஸ்தகத்தத் தூக்கிட்டு வர்ற?" நான் சொன்ன பதில் நினைவிருக்கிறதா? வெயில் காலத்தில் சன்னல் திறந்திருக்கும். தெருவே பாதிக் கதை சொல்லிவிடும், மீதிக்கு மெலிந்த புத்தகம் போதும். குளிரில் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே ஆள் வேண்டும். மெலிந்த புத்தகத்தில் வருகிறவர்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிடுவார்கள். தடித்த புத்தகத்தில் வருகிறவர்கள்தான் குளிர் முடியும்வரை தங்குவார்கள்.

நீ வேலைக்காக அந்த ஊருக்குப் போன பிறகும் நாம் அதை விடவில்லை. பன்னிரண்டு குளிர்காலமாக ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை உன் ஆபீஸுக்கு அனுப்புகிறேன். ஒரே நாளில் தொடங்குவோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பக்கம், அதற்கு மேல் ஓடக் கூடாது. நீ ஒரு தடவைகூட என்னை முந்தியதில்லை. உங்கள் ஆபீஸ் கிடங்கில் சரக்குகளைச் சரிபார்க்கும் மாதங்கள் இவை. "ரெண்டு நாள் பின்தங்கிட்டேன், திட்டாதக்கா" என்றுதான் எப்போதும் எழுதுவாய்.

இந்த வருடப் புத்தகம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். படிக்கத் தொடங்கிய இருபதாம் நாள் தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினாய். நான்கு நாள் கழித்து அது என் கைக்கு வந்தபோது நான் இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தேன். கலங்கரை விளக்கத்துக்காரரின் மூத்த மகள் கடைசியில் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்று நீ எதிர்பார்க்கவே இல்லையாம். என் புத்தகத்தில் அவளுக்கு இன்னும் பால்பல்கூட விழவில்லை! கதையைப் போட்டு உடைத்துவிட்டாயே என்ற கோபத்தில் தேநீரை ஆறவிட்டேன்.

கோபம் ஆறியதும் சந்தேகம் வந்தது. கடைசி அத்தியாயத்தை மட்டும் திருட்டுத்தனமாகப் படித்திருப்பாய் என்று நினைத்தேன். முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவள் அவ்வளவு சுலபமாக விடுவேனா? நானும் விதியை மீறி நடுப் பக்கங்களைப் புரட்டினேன். கப்பல் சமையற்காரனை எனக்குப் பிடிக்கவில்லை, உனக்கு எப்படி என்று ஒன்றும் தெரியாதவள் போல எழுதினேன். உன் பதிலில், அவனுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லாததையும், அவன் வளர்த்த ஆட்டின் நிறத்தையும் எழுதிவிட்டு, "பாவம்க்கா அவன்" என்று முடித்திருந்தாய். அப்படியென்றால் முழுவதையும் படித்திருக்கிறாய். ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து பக்கத்துக்கு மேல்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். கணக்குக்கு விடை மட்டும் எழுதுவாள், செய்த வழியை எழுத மாட்டாள். "விடை சரிம்மா, வழி எங்க?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். உன்னையும் அதையேதான் கேட்கத் தோன்றுகிறது. இத்தனை பகல் உனக்கு எங்கிருந்து கிடைத்தது?

உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறாயோ என்று பயந்து, உன் வீட்டுக்காரியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அவருக்கென்ன அண்ணி, எட்டு மணிக்கு டிபன் பாக்ஸத் தூக்கிட்டுப் போனா இருட்டினப்புறம்தான் வர்றார். இந்த வருஷம் ஆபீஸ்ல பிழிஞ்சு எடுக்குறாங்க போல" என்றாள். புத்தகம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "எந்தப் புஸ்தகம்? இந்த வருஷம் நீங்க அனுப்பலையேன்னு நானே கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். உடனே என் முழங்கால் வலியைப் பற்றிப் புலம்பிச் சமாளித்தேன்.

அதன் பிறகு உன் கடிதங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். இரண்டும் பென்சிலில். பேனா மை குளிரில் உறைந்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறாய். இத்தனை குளிர்காலம் உறையாத மை! பேனா கூடாத இடம் ஏதாவது உண்டா என்று எங்கள் நூலகத்துப் பெண்ணிடம் பொதுவாகப் பேசுவதுபோல் விசாரித்தேன். "பெரிய லைப்ரரில சில ரூம்ல பேனாவ உள்ள விட மாட்டாங்க டீச்சர், பென்சில்தான்" என்றாள். இனி ஆபீஸ் முகவரிக்கு எழுதாதே, அங்கே கடிதம் தொலைகிறது, தபால் நிலையத்திலேயே போய் வாங்கிக்கொள்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். அங்கே இதுவரை ஒரு தபால் அட்டைகூடத் தொலைந்ததில்லை.

நான் நினைப்பது தவறாக இருந்தால், அக்காவுக்கு வயதாகிவிட்டது என்று சிரித்துவிடு. சரியாக இருந்தால் கேள். வேலை எப்போது போனது, யார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் நான் துருவப் போவதில்லை. ஒன்றுதான் என்னை உறுத்துகிறது. வாரத்தில் ஒரு நாள் அந்த நூலகமும் மூடியிருக்குமே, அன்று எங்கே போய் உட்காருகிறாய்? அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எந்தக் குளிரில் நின்று சாப்பிடுகிறாய்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியை வைப்பதற்கு முன் அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்பல்லாம் அவர் என் முகத்தப் பாத்துப் பேசுறதே இல்ல அண்ணி. வேற யாராவது இருக்காங்களோன்னு தோணுது. உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள். சந்தேகம் எனக்கு மட்டும் இல்லை தம்பி. எனக்குப் பக்கக் கணக்காவது கையில் இருக்கிறது. அவளுக்கு உன் முகம் மட்டும்தான் இருக்கிறது. அதையும் நீ திருப்பிக்கொள்கிறாய். இப்படியே இன்னும் ஒரு மாதம் போனால், வேலை போனதைவிடப் பெரிய ஒன்று போய்விடும்.

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். உன் வாயால் வர வேண்டியது அது. கதவைச் சாத்தினால் உள்ளே ஆள் வேண்டும் என்று அன்று சொன்னேன். உன் வீட்டுக்குள் ஆள் இருக்கிறாள். நீதான் வெளியே உட்கார்ந்திருக்கிறாய்.

இரண்டு பேரும் நன்றாக இருங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் பேசவே வேண்டாம். இன்று வீட்டுக்குப் போனதும் அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, அவள் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேசைமேல் வை. இது எப்போது வந்தது, எப்போது படித்தீர்கள் என்று அவளே கேட்பாள்.

உன் அக்கா