மஞ்சள் பெயின்ட் வைத்த திருகாணி

அன்புள்ள மருமகள், மெக்கானிக் மகாராணிக்கு,

உன் ஒரே தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். நலம் என்றுதானே கடிதத்தில் எழுத வேண்டும்? எல்லாருக்கும் கை கால் இருக்கிறது என்று வைத்துக்கொள்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். என் போன் படகுத்துறையில் விழுந்து தண்ணீர் குடித்துவிட்டது. உன் அம்மா போனில் பேசினால், ஸ்பீக்கரைப் போட்டுத் தெருவுக்கே ஒலிபரப்புவாள். அதனால் ஐஸ் லாரி டிரைவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இன்று சனிக்கிழமை. சாயங்காலத்துக்குள் உன் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். படித்ததும் கிழித்துவிடு.

விஷயம் உங்கள் படகு மோட்டார். போன வாரம் நியூட்ரலில் சும்மா நிற்கும்போதே கத்த ஆரம்பித்தது. எழுநூறில் நிற்க வேண்டிய மீட்டர் முள் ஆயிரத்து இருநூறில் நின்றது. உன் அப்பா கேட்டதற்கு நீ போனில் என்ன சொன்னாய்? கேபிள் முழுசாகத் திரும்பி வருகிறதா பாருங்கள், ரப்பர் குழாய் எங்காவது வெடித்துக் காற்று இழுக்கிறதா பாருங்கள், மஞ்சள் பெயின்ட் வைத்த திருகாணியை மட்டும் தொடாதீர்கள், அது கம்பெனியில் வைத்த அளவு என்றாய். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் காது நன்றாகவே கேட்கும்.

ஆனால் நான் யார்? நாற்பது வருஷமாக எத்தனை கப்பலுக்கு... சரி, கப்பல் இல்லை, படகு. இந்தக் கரையில் என் கை படாத கார்புரேட்டர் உண்டா? சத்தத்தை வைத்தே எஞ்சினுக்குச் சளியா காய்ச்சலா என்று சொல்லிவிடுவேன். வியாழக்கிழமை துறையில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். “சின்னப் பொண்ணு போன்ல சொல்ற வைத்தியமெல்லாம் எதுக்கு? ஒரு ஸ்குரூ டிரைவர் குடுங்கப்பா” என்று மூடியைத் திறந்தேன். அந்த மஞ்சள் திருகாணியை அரைச் சுற்றுதான் திருகினேன். சத்தம் அடங்கியது. நாலு பேரும் கை தட்டினார்கள். அப்புறம் எஞ்சின் நின்றே போனது. அதனால் எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் திருகினேன். முள் ஆயிரத்து எண்ணூறுக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. உன் அப்பாவிடம், “உள்ள தூசு தட்டியிருக்கேன் அத்தான், ரெண்டு நாள் அப்படித்தான் கத்தும்” என்றேன். திருகாணிப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் என்னை நம்பினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கரை ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் போகிற ஆறு பேரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். உன் அம்மா முன்பக்கம் நின்று கயிற்றை அவிழ்த்தாள். முள் ஆயிரத்து எண்ணூறில் கத்திக்கொண்டிருக்கும்போதே உன் அப்பா எப்போதும்போல கியரைத் தட்டினார். உள்ளே ‘டங்’கென்று ஒரு இடி. படகு வெறிபிடித்த மாடு மாதிரிப் பாய்ந்தது. உன் அம்மா பத்தடி உயரம் பறந்து... இல்லை, பறக்கவில்லை. பக்கவாட்டில் சரிந்து, துறைக் கல்லுக்கும் படகுக்கும் நடுவே தண்ணீரில் விழுந்தாள். படகு திரும்பி அவள் பக்கமாகச் சாய்ந்து வந்தது.

நான் பாய்ந்து தூக்கியதாகத் துறையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு அப்படி எழுத வரவில்லை. நான் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றேன். அவளை இழுத்து மேலே போட்டது அந்த ஆறு பேரில் ஒருவரான வாத்தியாரம்மா. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்தக் கையால்.

பயப்படாதே, தோளில் கன்றிப்போனதோடு சரி. “நல்லவேளை, காலைல குளிக்காமத்தான் வந்தேன்” என்று உன் அம்மா சிரிக்கிறாள். உன் அப்பாதான் சிரிக்கவில்லை. “என் கைதான் பிசகிருச்சு மாப்ளே, வயசாயிருச்சு” என்கிறார். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “விடுங்க அத்தான், எல்லாருக்கும் வர்றதுதானே” என்று ஆறுதல் சொன்னேன்.

நேற்றுச் சாயங்காலம் தனியாகப் போய் மோட்டாரைத் திறந்து பார்த்தேன். பின்பக்கம் விரல் கனத்தில் ஒரு ரப்பர் குழாய், அடியில் வெடித்திருக்கிறது. விரலால் அடைத்ததும் சத்தம் இறங்கியது. அவ்வளவுதான் நோய். நீ சொன்ன அதே நோய். டேப் சுற்றிவிட்டேன். ஆனாலும் முள் ஆயிரத்து முந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. பெயின்ட் உதிர்ந்துவிட்டதால் திருகாணியின் பழைய இடமும் தெரியவில்லை. மேலே அரைச் சுற்று என்று எழுதினேன் அல்லவா? மூன்றோ நாலோ இருக்கும். நான் எண்ணவே இல்லை.

வெள்ளிக்கிழமை அந்த ஆறு பேரையும் மீன்காரர்தான், உங்கள் படகைத் தன் படகில் கட்டி இழுத்துப் போய், அக்கரையில் விட்டார். அவர் இன்று கடலுக்குப் போய்விட்டார், பத்து நாள் வரமாட்டார். பாலம் சுற்றிப் போனால் நாலு மணி நேரம். போன தடவை அப்படிப் போய் வாத்தியாரம்மா வழியிலேயே மயங்கிவிட்டார். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆறு பேரும் துறையில் வந்து நிற்பார்கள். அவர்கள் போகாமல் இருக்க முடியாது. இந்த மோட்டாரில் போகவும் கூடாது.

மோட்டாரின் சிவப்புக் கிளிப் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. அது மாட்டாமல் மோட்டார் உயிர் பிடிக்காது. உன் அப்பா வீட்டைப் புரட்டித் தேடுகிறார். நானும் கூடவே கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடுகிறேன். ராத்திரி கண்ணை மூடினால் அந்த ‘டங்’தான் கேட்கிறது.

ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்துவிடு, கண்ணு. புதுக் குழாயும், திருகாணி அளவு பார்க்கிற கருவியும் எடுத்து வா. எஞ்சினைப் பிறகு பார்க்கலாம், முதலில் உன் அப்பாவைப் பார்க்க வேண்டும். அவர் கை பிசகவில்லை என்று நானே என் வாயால் சொல்லிவிடுகிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும். நடுவில் நான் கப்பல், புயல் என்று கதை கட்ட ஆரம்பித்தால் என் காலை நன்றாக மிதி.

உன் கை என்றைக்கும் பிசகாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் மாமன்.